அத்தை ஏன் பேச்சை நிறுத்தினார்?

கேள்வி: எனக்கு வயது 41, பாளையங்கோட்டையில் இருக்கிறோம். சிறுவயதில் கோவிலில் சிரித்தால் அப்பா தலையில் குட்டுவார், ஆண்டவர் என்றாலே எனக்குப் பயம்தான். போன மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் ரிட்ரீட் போயிருந்தேன். ஆண்டவர் நம்மோடு சிரித்து விளையாடுகிற சிநேகிதர் என்று அங்கே சொன்னபோது அழுதுவிட்டேன். வந்ததிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு நோட்டும் பேனாவுமாக உட்காருகிறேன், 'பரிசுத்தமுள்ள பிதாவே' என்பதைத் தாண்டி வாயில் ஒன்றும் வரவில்லை. என் மாமியார், மாமா இறந்ததிலிருந்து, ஆண்டவரிடம் ஏதாவது வம்பளந்துகொண்டேதான் சமைப்பார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயர் வீடு சந்திக்க வந்த அன்று தேங்காயை உடைத்துவிட்டு, "ஆண்டவரே, மூணு கண்ணு வச்சீரு, ஒரு மடக்குத் தண்ணி வைக்க மறந்துட்டீரே" என்று சத்தமாகச் சொல்ல, எனக்கு மானம் போயிற்று. பையன் முன்னாலேயே, இனி இப்படிப் பேசாதீர்கள் அத்தை என்றேன். இப்போது பேசுவதில்லை. ஆண்டவரிடம் விளையாட்டாகப் பேசுவது பாவமா? அந்த உறவு எனக்கு எப்படிக் கிடைக்கும்?

பதில்: சகோதரி, பாவமா இல்லையா என்று கேட்டு எனக்கு அடிக்கடி கடிதம் வருகிறது, எல்லாவற்றிலும் ஒரு கண்டிப்பான அப்பா, ஒரு ரிட்ரீட், கொஞ்சம் கண்ணீர். அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது "இப்போது பேசுவதில்லை" என்கிற இரண்டே சொல். கொடைக்கானலுக்கு அத்தனை வரி எழுதிய கைக்கு, வீட்டில் ஒரு மனுஷி வாயடைத்துப்போனதைச் சொல்ல இரண்டு சொல் போதுமாக இருந்திருக்கிறது.

மாமா இறந்த பிறகுதான் இந்தப் பேச்சு ஆரம்பித்தது என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்தீர்களா? பேச்சுத் துணைக்கு இருந்த மனிதர் போய்விட்டார், வீட்டில் மற்றவர்களுக்கு ஆபீஸ், டியூஷன், செல்போன், அந்த அம்மாள் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஆண்டவரைக் கூப்பிட்டு அடுக்களையில் உட்கார வைத்துக்கொண்டார். ஐயர் முன்னால் உங்களுக்குக் கூச்சமாக இருந்தது என்பதற்காக அந்தத் துணையையும் எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். அனுப்பிவிட்டு, அதே ஆளைத் தேடி நான்கு மணிக்கு அலாரம் வைக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை.

வேதாகமத்திலும் இப்படி ஒரு அடுக்களைக் காட்சி உண்டு, ஆதியாகமம் 18. மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாமின் கூடாரத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், கிழவி சாராள் உள்ளே அப்பம் சுடுகிற வேலை, பிள்ளை பிறக்கும் என்று வெளியே பேசுவது காதில் விழுந்ததும், இந்த வயதிலா என்று தனக்குள்ளே நகைக்கிறாள். வந்தவர் ஆண்டவர். விருந்தாளி முன்னால் சிரிக்கலாமா என்று ஆபிரகாம் அவளை அதட்டியதாக ஒரு வரி கிடையாது. ஆண்டவர் ஏன் நகைத்தாள் என்று கேட்கிறார், அவள் பயந்துபோய் நான் நகைக்கவில்லை என்கிறாள், அவர் விடவில்லை: "இல்லை, நீ நகைத்தாய்." நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிற பேச்சுதானே இது? அவள் பயந்தாள் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது, பயம் இருந்த இடத்திலேயே விளையாட்டும் இருந்திருக்கிறது. பிறந்த பிள்ளைக்கு வைத்த ஈசாக்கு என்ற பெயருக்கே நகைப்பு என்றுதான் அர்த்தம். அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்திருக்கும்.

உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் மட்டும் என்ன? எருசலேமே பேசுகிற சங்கதியை, நடந்தது முழுக்கத் தனக்கு நடந்ததையே, ஒன்றும் தெரியாதவர் மாதிரி "எவைகள்" என்று கேட்டு, சீஷர்கள் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டே நடக்கிறார். ஊர் வந்ததும் இன்னும் தூரம் போகிறவர்போலக் காட்டுகிறார், அவர்கள் கையைப் பிடிக்காத குறையாக வருந்திக் கூப்பிட்ட பிறகுதான் வீட்டுக்குள் வருகிறார்.

இதெல்லாம் நம் ஜனங்களுக்குப் புதிதும் இல்லை. உங்கள் திருநெல்வேலியில் 1774இல் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் நாதரைப் பாட எடுத்தது குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சியை. ஆண்டவருக்குக் குறத்திப் பாட்டா என்று அவர் கூசவில்லை, நீங்கள் ஒரு தேங்காய்க்குக் கூசிவிட்டீர்கள்.

இன்னொன்று. ஆண்டவரை ஸ்கூல் சிநேகிதன் மாதிரி 'ஹாய்' என்று கூப்பிடுகிற புதுப் பழக்கம் எனக்குப் பிடிக்காது, அங்கே உங்கள் அப்பா பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் அத்தை சொன்னதைக் கவனியுங்கள், வச்சீரு, மறந்துட்டீரு. அத்தனை வம்பிலும் அந்த 'நீர்' விட்டுப்போகவில்லை. பல வருஷம் கூடவே இருந்தவரிடம் மட்டும் வருகிற உரிமை அது, நோட்டை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் உங்களுக்கு வராது, வராததில் ஆச்சரியமும் இல்லை.

ஆகவே நோட்டை மூடி வையுங்கள். நான்கு மணிக்குத் தூங்குங்கள், ஆறு மணிக்கு அடுக்களைக்குப் போய், அத்தை, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். பையனும் பக்கத்தில் இருக்கட்டும், அவன் முன்னால்தானே அவமானப்படுத்தினீர்கள். பெற்ற அம்மாவாக இருந்தால் அன்று சாயங்காலமே சமாதானம் செய்திருப்பீர்கள், மாமியார் என்பதால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டீர்களோ என்னவோ. ஒன்றுமில்லை விடு என்பார்கள், நம்பிவிடாதீர்கள், அடிபட்ட பேச்சு உடனே திரும்பாது. தினமும் பத்து நிமிஷம் அருவாமனையை நீங்கள் வாங்கிக்கொண்டு காய் நறுக்குங்கள், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். ஒரு நாள் பால் பொங்கி வழியும், அல்லது கரண்ட் போகும், அவர்கள் மேலே பார்த்து ஏதோ சொல்வார்கள். அப்போது குனிந்தே இருக்காமல் நிமிர்ந்து சிரியுங்கள்.

அடுத்த தடவை ஐயர் வீடு சந்திக்க வரும்போது உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டால், அவர் தட்டில் இன்னும் இரண்டு முறுக்கு வைத்துவிட்டு, அத்தைதான் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் ஐயா என்று சொல்லுங்கள்.