22 நூல்கள், 1,480 ரிங்கிட்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்தை ஒட்டிய சிறு நகரில், ஆலய மண்டபத்தின் பக்க அறையில் ஒரு சமூக நூலகம் நடத்துகிறோம். படிவம் 2 முதல் படிவம் 5 வரை படிக்கும் பிள்ளைகள், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதைமாந்தராக நடித்து ஆடும் மாயக்கதை விளையாட்டுக்கான விதிநூல்கள் வேண்டும் என்கிறார்கள். 1,500 ரிங்கிட் மானியம் இருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். ஒரு விநியோகிப்பாளர் 22 நூல்கள் கொண்ட தொகுப்பை 1,480 ரிங்கிட்டுக்குத் தருவதாக விலைப்பட்டியல் அனுப்பியுள்ளார். எனக்கு இந்த விளையாட்டு தெரியாது. கையெழுத்துப் போடலாமா? ஆலயச் செயலவையில் ஒருவர் இவை பேய் பிசாசுப் புத்தகங்கள் என்றும் சொல்கிறார். (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் இணைத்து அனுப்பிய பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். அதில் உங்கள் பிள்ளைகள் உண்மையில் ஆடிப் பயன்படுத்தக்கூடியவை மூன்றோ நான்கோதான். அவற்றிலும் மூன்று அசல் நூல்களாக இருக்க முடியாது என்பதற்குப் பட்டியலே சாட்சி சொல்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றி உங்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற மூவரோ நால்வரோ ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, குகைக்குள் போவதா, கதவைத் தட்டுவதா, காவலனிடம் பேசிப் பார்ப்பதா என்று முடிவு செய்வார்கள். விளைவு நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தம் தாளில் எழுதியிருக்கும் திறன் எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. விதிநூல் இதற்கான கையேடுதானே தவிர, படித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும் கதைநூல் அன்று. ஒரே விதிநூலை வைத்துக்கொண்டு ஒரு குழு ஆண்டுக்கணக்கில் ஆடும். ஆகவே நூல்களின் எண்ணிக்கைக்கு இங்கே மதிப்பே இல்லை. ஒரு மேசையில் உள்ள அனைவரும் ஒரே விதியைப் பார்க்கிறார்களா என்பதுதான் முக்கியம்.

இப்போது விலைக்கு வருவோம். 1,480 ரிங்கிட்டை 22ஆல் வகுத்தால் ஒரு நூலுக்கு ஏறத்தாழ 67 ரிங்கிட் வருகிறது. இவ்வகை விளையாட்டுகளில் மிகப் பழையதும் மிகப் பரவலானதும் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். உங்கள் பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். அதன் மூலநூல்கள் மூன்று: ஆடுவோருக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக், கதை நடத்துநருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட், எதிர்ப்படும் உயிரினங்களின் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவல். கெட்டி அட்டையும் வண்ண அச்சும் கொண்ட இவை ஒவ்வொன்றின் அமெரிக்க விலையும் ஏறக்குறைய 50 டாலர். நம் பணத்தில் அதுவே 200 ரிங்கிட்டை ஒட்டி வரும், அதற்கு மேல் கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் இருக்கிறது. அப்படியிருக்க இந்த மூன்றையும் 22 நூல்களில் சேர்த்து, சராசரி 67 ரிங்கிட்டுக்கு ஒருவர் தர முடிகிறது என்றால், அவர் விற்பது ஒன்று தேங்கிக் கிடந்த பழைய சரக்கு, அல்லது திருட்டு அச்சு. உங்கள் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன.

பழைய சரக்கு எப்படிக் கண்ணில் படாமல் நுழைகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் விவரம் அறிந்த நூலகர்களே இதில் ஏமாறுகிறார்கள். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற அதே பெயரில் 1989, 2000, 2003, 2008, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு விதிகளோடு நூல்கள் வந்துள்ளன. விலைப்பட்டியலில் பெயரை மட்டும் எழுதினால் எந்த ஆண்டு நூல் பெட்டியில் வந்து இறங்கும் என்பதை நீங்கள் சொல்ல முடியாது. பாடத்திட்டம் மாறிய ஆண்டில் ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பழைய பாடநூலையும் மீதிப் பேருக்குப் புதியதையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கும் அதேதான் நடக்கும். 2014 நூலும் 2024 நூலும் மேலோட்டப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் இவற்றில் குழப்பம் மிக அதிகம். அட்டையில் தீ அரக்கன் ஒருவன் எதிரே நிற்பது 2014 நூல், 320 பக்கம். வீரர் கூட்டத்தின் பின்னால் தங்க நிற டிராகன் எழுந்து நிற்பது 2024 நூல், 384 பக்கம். புதிதாகத் தொடங்கும் நூலகம் 2024 வரிசையைத்தான் வாங்க வேண்டும். அந்த வரிசையின் மான்ஸ்டர் மேனுவல் மட்டும் 2025இல் வந்தது, அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

விநியோகிப்பாளரிடம் ஒவ்வொரு வரிக்கும் பதிமூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண், பதிப்பாண்டு, பக்க எண்ணிக்கை, அட்டைக் கட்டு வகை ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் அதை அன்றைக்கே அனுப்பிவிடுவார். “எல்லாம் ஒன்றுதான் மேடம்” என்று பதில் வந்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலின் 4, 5, 6ஆம் வரிகளில், இந்த மூன்று மூலநூல்களுக்கு எதிரே, “வண்ண அச்சு, சுருள்கம்பிக் கட்டு” என்று எழுதப்பட்டிருக்கிறது. இது இணையத்தில் திருடிய கோப்பை போட்டோஸ்டேட் கடையில் அச்சிட்டுக் கட்டியது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த நூல்களை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இந்த மூன்று மூலநூல்களின் 2014, 2024 வரிசைகளைப் பிடிஎஃப் கோப்பாக விற்பதில்லை. மின்வடிவம் என்பது கணக்குத் திறந்து தளத்துக்குள்ளேயே படிப்பது மட்டும். ஆகவே யாரிடமாவது அந்த வரிசைகளின் அச்சிடத்தக்க கோப்பு இருந்தால் அது முறையாக வந்ததாக இருக்காது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய படிகளை விற்பதை மட்டுமன்றி, வீட்டுச் சொந்தப் பயன்பாட்டுக்கு அல்லாமல் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. நூலக அலமாரி வீட்டுப் பயன்பாடு ஆகாது. விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மண்டபத்தின் முத்திரை குத்திய திருட்டுப் படி உங்கள் பொறுப்பில் நிற்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் உங்கள் பணத்தை மிச்சப்படுத்த உதவுவது இந்த விலக்குதான். சில விதிநூல்களை ஆக்கியோரே கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றை யாரும் பதிவிறக்கலாம், அச்சிடலாம், கட்டலாம், இரவல் கொடுக்கலாம். பேசிக் ஃபேன்டசி என்ற வேறொரு விளையாட்டின் முழு விதிநூல் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் நான்காம் பதிப்பு இந்த உரிமத்தில் உள்ளது. கெய்ர்ன் என்ற இன்னொரு எளிய விளையாட்டின் சிறு விதிநூலும் அப்படியே. அது சில தாள்களில் அடங்கிவிடும், ஆங்கிலம் சரளமாக வராத படிவம் 2 பிள்ளைகளுக்கும் ஒரு மாலையில் புரிந்துவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் அடிப்படைச் சாரத்தைக்கூட அந்நிறுவனம் 2023இல் இந்த உரிமத்தில் விட்டது; 2024 விதிகளுக்கு ஏற்ற சாரம் 2025இல் வந்தது. சாரத்தில் மூலநூலில் உள்ள அனைத்தும் இராது. ஓவியங்கள் இல்லை, கதைமாந்தர் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உட்பிரிவுதான் இருக்கும். ஆனால் ஆடுவதற்கு அது போதும்.

இந்த விலக்கைப் பயன்படுத்தும்போது கோப்பின் உள்ளே உள்ள உரிமப் பக்கத்தை நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லாத கோப்பு, யார் என்ன சொன்னாலும், இலவசக் கோப்பு அன்று. அச்சிடும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடாமல் சேர்த்தே அச்சிட வேண்டும், ஏனெனில் ஆக்கியோர் பெயரைக் குறிப்பிடுவதே அந்த உரிமத்தின் நிபந்தனை. அச்சு வேலையை நீங்களே கடைக்குப் போய்ச் செய்து, இரசீதைக் கோப்பில் வையுங்கள், இடைத்தரகரிடம் விடாதீர்கள். உங்கள் பட்டியலின் 17ஆம் வரியைப் பாருங்கள்: இலவசமாகக் கிடைக்கும் பேசிக் ஃபேன்டசிக்கு அவர் 75 ரிங்கிட் போட்டிருக்கிறார். அச்சுக் கூலி கேட்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் அது இலவச நூல் என்பதைச் சொல்லாமல் ஒரு சமூக நூலகத்திடம் 75 ரிங்கிட் வாங்குவதை நான் நேர்மை என்று ஏற்க மாட்டேன்.

மீதியுள்ள வரிகளில் பெரும்பாலானவை சாகச நூல்கள், அதாவது நடத்துநர் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆயத்தக் கதைகள். மூலநூல் இல்லாமல் இவற்றால் பயனில்லை. மேலும் ஆடப்போகும் பிள்ளையே இதை இரவல் எடுத்துப் படித்துவிட்டால் அந்தக் கதை அந்தக் குழுவுக்கு வீணாகிவிடும். பாத்ஃபைண்டர் என்ற மற்றொரு விளையாட்டின் 2019 மூலநூலும் பட்டியலில் உள்ளது. அதற்குப் பதிலாக 2023இல் புதிய வரிசை வந்துவிட்டது, விதிகளும் இணையத்தில் அனுமதியோடு இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. வேண்டாம்.

நீங்கள் வாங்க வேண்டியது இவ்வளவுதான். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இரண்டு படிகள். ஒன்று மேசையில் இருக்க, மற்றொன்று இரவலுக்குப் போகட்டும். அதே வரிசையில் நடத்துநர் நூல் ஒன்று, உயிரினத் தொகுப்பு ஒன்று. இந்த நான்குக்குமே ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட் ஆகிவிடும். மீதியில் நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகள் அடங்கிய கட்டுகள் சிலவற்றை வாங்கி, கெய்ர்ன் படிகள் ஆறு அச்சிட்டுக்கொள்ளுங்கள். கதைமாந்தர் தாள்களை வெளியீட்டாளரே இலவசமாகத் தருகிறார். கதையைத் தமிழில் நடத்தத் தடையேதும் இல்லை. ஆங்கில நூல் ஐயம் எழும்போது புரட்டிப் பார்க்க மட்டுமே. நூல்களை 793.93 என்ற வகுப்பெண்ணில், விளையாட்டுகளோடு அடுக்குங்கள். நாவல் பக்கம் வைத்தால் தேடுபவருக்குக் கிடைக்காது.

இங்கேதான் உங்களுக்கு இடைஞ்சல் வரும். மானியம் கொடுப்போர் எத்தனை தலைப்புகள் வாங்கினீர்கள் என்று எண்ணுகிறார்கள். 22 என்று எழுதினால் முகம் மலர்கிறது, நான்கு என்று எழுதினால் விளக்கம் கேட்கிறார்கள். பகடை நூல் அன்று என்பதால் அந்த இரசீதைத் திருப்பி அனுப்பும் அலுவலர்களும் உண்டு. பதிவு பெற்ற விநியோகிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும், மூன்று விலைப்பட்டியல் வேண்டும், ஆண்டிறுதிக்குள் முடிக்க வேண்டும் என்ற மூன்று விதிகளும் சேர்ந்து, நூலைப் பற்றி ஒன்றும் அறியாத தரகரிடம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அவருக்கும் இது நன்றாகத் தெரியும்; அதனால்தான் தொகுப்பு விலை உங்கள் மானியத்துக்கு இருபது ரிங்கிட் குறைவாக அளவெடுத்துத் தைத்தாற்போல் வந்து நிற்கிறது. ஆண்டுதோறும் தோட்டப்புற நூலகங்களின் அலமாரியில் யாரும் தொடாத புத்தகங்கள் குவிவதற்குப் பிள்ளைகள் படிக்காதது காரணமன்று, இந்த முறைதான் காரணம்.

ஆகவே மானியக் குழுவுக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். குறைந்த தலைப்புகள் ஏன் என்பதை ஒரு பத்தியில் சொல்லி, பகடைகளை “விதிநூலின் துணைக்கருவி” என்று குறிப்பிட்டு, முன் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி ஒப்புதல் கணக்குத் தணிக்கையில் நிற்காது. காலம் போதாவிட்டால் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இரண்டை மட்டும் வாங்கி மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

செயலவை உறுப்பினரின் ஐயத்துக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மான்ஸ்டர் மேனுவலில் பிசாசுகளும் உண்டு, நம் புராணத்திலிருந்து எடுத்த ராட்சசனும் நாகமும்கூட உண்டு. அவை வீரர்கள் எதிர்த்துப் போராடும் எதிரிகள், வழிபாட்டுக்கு உரியவை அல்ல. 1980களில் அமெரிக்காவிலும் இதே அச்சம் கிளம்பி, 1989 பதிப்பில் பிசாசு என்ற பெயர்களையே நீக்கினார்கள். பின்னர் அவை திரும்பி வந்தன. நூலை அவர் கையில் கொடுத்து, பிள்ளைகள் ஆடும் ஒரு மாலையில் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

ஆனால் அவர் ஆட்சேபிக்க நியாயமான காரணம் உள்ள ஒரு நூல் இருக்கிறது. டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற 1980ஆம் ஆண்டு நூலில் இந்திரன், காளி, எமன் முதலிய நம் தெய்வங்களுக்குப் போர் எதிரிகளைப் போலவே எத்தனை அடி வாங்கினால் வீழ்வார்கள் என்ற உயிர்ப்புள்ளிக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய நூல்களை யாராவது பெட்டியோடு அன்பளிப்பாகக் கொடுத்தால், அல்லது இந்த விநியோகிப்பாளர் “இலவச இணைப்பு” என்று எதையாவது சேர்த்து அனுப்பினால், ஆலய மண்டபத்துக்குள் அலமாரியில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.