முதலில் பூட்ஸ், பலகை பிறகு

தம்பி, இங்கே வந்த மூன்றாவது குளிர்காலத்திலேயே, பனியில் சறுக்கும் ஸ்கீ பலகையும் அதற்கான பூட்ஸும் சொந்தமாக வாங்க நினைக்கிறீர்கள். மகிழ்ச்சி. பத்து வருடமாக ஜன்னலுக்கு உள்ளே நின்று பனியைத் திட்டுவதோடு சரி என்றிருக்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர். நானும் வெகுகாலம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

நீங்கள் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். உயரம் 172 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. எளிதான நீலச் சரிவில் பயமில்லை, நடுத்தரமான சிவப்பில் மெதுவாக இறங்கிவிடுகிறீர்கள். வாடகைச் சாமான் அலுத்துவிட்டது. கடையில் பார்த்த 102 மில்லிமீட்டர் அகலப் பலகை கண்ணைப் பறிக்கிறது. ஷூ அளவு 43. உடன் வேலை செய்யும் நண்பர் பூட்ஸைத் தாராளமாக 28.5 எடுக்கச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். இப்போது பூட்ஸை மட்டும் வாங்குங்கள். பலகை இன்னும் ஒரு பருவம் வாடகையிலேயே இருக்கட்டும். பலகை சுமாராக இருந்தாலும் சரியான பூட்ஸ் அதை வேலை வாங்கிவிடும். எவ்வளவு உயர்ந்த பலகையைக் கட்டிக்கொண்டாலும் பூட்ஸுக்குள் குதிகால் ஆடினால், நீங்கள் முழங்காலைச் சாய்ப்பதற்கும் பலகையின் விளிம்பு பனியில் பதிவதற்கும் நடுவே ஒரு தாமதம் வந்துவிடும். 'எனக்கு இன்னும் சரியாகத் திரும்ப வரவில்லை' என்று நாம் நம்மையே நொந்துகொள்வது பல சமயம் அந்தத் தாமதத்தால்தான்.

நான் கற்றுக்கொண்டது 38 வயதில், ஐந்து வயதுக் குழந்தைகள் என்னைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்த சரிவில். முதல் சொந்த பூட்ஸை நானும் தாராளமாகத்தான் எடுத்தேன். குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட வேண்டாமா என்ற யோசனை. கடையில் போட்டதும் வீட்டுச் செருப்பு போலச் சுகமாக இருந்தது. அந்தச் சுகமே எச்சரிக்கை என்று அன்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாலை சாக்ஸைக் கழற்றினால் வலது பெருவிரல் நகம் கருநீலமாகக் கன்றியிருந்தது. சிறியதை வாங்கிவிட்டோம் என்று நினைத்து, இன்னும் பெரியது கேட்டு வேறொரு கடைக்குப் போனேன். அங்கே பூட்ஸ் பொருத்திக் கொடுப்பவர் காலை அளந்துவிட்டு, "ஏற்கெனவே இரண்டு அளவு பெரியதைப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். உள்ளே இடம் இருப்பதால்தான் கால் முன்னே ஓடி விரல் மோதுகிறது. ஓடும் காலை நிறுத்த, பூட்ஸின் கொக்கியான பக்கிளை இறுக்குகிறோம். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துக் குளிர்கிறது. குளிர்கிறதே என்று இன்னொரு சாக்ஸ் போடுகிறோம். நான் பட்ட பாடு அத்தனைக்கும் வேர் அந்த ஒரே தவறு.

எனவே 43-ஐ மறந்துவிடுங்கள். ஸ்கீ பூட்ஸின் அளவுக்கு மொண்டோபாயிண்ட் என்று பெயர். காலின் நீளம் சென்டிமீட்டரில் எவ்வளவோ அதுதான் அளவு. சுவரோடு குதிகாலை ஒட்டி, காகிதத்தின் மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்து பாருங்கள். 26.7 வந்தால் 26.5-இலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். இன்னொன்று: பெரும்பாலான பூட்ஸில் 26-க்கும் 26.5-க்கும் வெளிக்கூடு ஒன்றேதான். அரை அளவு கூட்டித் தந்தேன் என்று விற்பனையாளர் சொன்னால், உள்ளிருக்கும் மெத்தையோ அடித்தட்டோதான் மாறியிருக்கும்.

கடையில் நீங்களே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் மெத்தை போன்ற லைனரை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்சுவரை இலேசாகத் தொடும்வரை தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கிக் குனிந்து, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் உங்கள் நிலைக்குச் சரி. இரண்டைத் தாண்டினால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யவிடாமல் இழுத்தடிக்கும் கடையில் நிற்காதீர்கள்.

பிறகு லைனரைத் திரும்பப் பொருத்தி, மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று போட்டு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி பக்கிளை மாட்டுங்கள். நேராக நின்றால் விரல் முன்னே இடிக்கும், பதறாதீர்கள். முழங்காலை முன்னே அழுத்தும்போது விரல் அரை மயிரிழை பின்வாங்க வேண்டும், குதிகால் அசையக் கூடாது. அப்படியே இருபது நிமிடம் கடையில் நில்லுங்கள். கால் முழுவதும் ஒரே சீரான இறுக்கம் என்றால் நல்லது, ஏனெனில் சில நாட்களில் லைனர் அமுங்கித் தளர்ந்துவிடும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் ஊசி குத்துவது போல வலித்தால் அதைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கூட்டைச் சூடாக்கி வெளியே தள்ள முடியும். சிறியதைப் பெரிதாக்கலாம், தம்பி. பெரியதைச் சிறிதாக்க வழியில்லை.

பூட்ஸின் அகலம் 98, 100, 102 என்று மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். அது பாதத்தின் முன்பகுதி அகலம். பாதத்தின் மேடு உயரமா தாழ்வா என்பதும் அதே அளவுக்கு முக்கியம், ஆனால் அதை யாரும் பெட்டியில் எழுதுவதில்லை. ஃப்ளெக்ஸ் என்ற விறைப்பு எண் உங்கள் எடைக்கும் நிலைக்கும் 90, 100 என்ற அளவில் இருந்தால் போதும். ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 110 போல இருக்கும், பொதுவான அளவுகோல் கிடையாது. சூடான கடையில் இளகி நிற்கும் பிளாஸ்டிக் மலை உச்சியில் விறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 130 என்று காலில் எழுதியிருப்பது லிஃப்ட் வரிசையில் பெருமைக்கு உதவும், இறங்கும்போது உதவாது.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஆசைப்படும் 102 மில்லிமீட்டர் என்பது காலடியில் பலகையின் இடுப்பு அகலம். ஆழமான புதுப்பனியில் மிதப்பதற்காகச் செய்தது. இயந்திரம் சீராக்கிய கெட்டிச் சரிவில், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவதற்குள் அது உங்களைச் சோதித்துவிடும். முழங்காலும் கூடுதலாக உழைக்கும். 72 முதல் 82 வரை பாருங்கள். நீளம் நின்றால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வரட்டும், அதாவது 160-க்குச் சற்றுக் குறைவாக. பலகை இயல்பாகத் திரும்பும் வளைவின் ஆரம் 13 முதல் 16 மீட்டர். வாடகைக்கு எடுக்கும் பருவத்தில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாற்றிப் பாருங்கள். மாலையில் தொடை களைத்த பிறகும் எது சொன்னபடி திரும்புகிறதோ அதன் பெயரைக் குறித்துவைத்து, பருவ முடிவுத் தள்ளுபடியில் வாங்குங்கள்.

பலகையைப் பிறர் பயன்படுத்தியதாக வாங்கலாம். பூட்ஸை வேண்டாம், அதன் லைனர் வேறொருவர் காலுக்கு வடிவெடுத்திருக்கும்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கில் மட்டும் நண்பர்கள் கை வைக்க விடாதீர்கள். விழும்போது பூட்ஸை விடுவிக்கும் டின் எண்ணை எடை, உயரம், வயது, சறுக்கும் பாணி, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எண் அதிகமானால் பலகை கழலாமல் முழங்கால் திருகும். குறைந்தால் வேகத்தில் சும்மாவே கழன்றுவிடும். கடையில் கேட்கும்போது எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள். பூட்ஸ் மாற்றினால் இதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். கிரிப்வாக் என்ற வளைந்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் எடுத்தால், அதை ஏற்கும் பைண்டிங்தானா என்றும் கேளுங்கள். பழைய பைண்டிங்குகள் பல அதை ஏற்காது.

மாலையில் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள். 28.5 சொன்ன நண்பரிடம் அவருடைய பெருவிரல் நகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.