நீலச் சட்டைக்குத் திருநீறு பூசியது யார்?

வணக்கம் தம்பி. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு வீரர்களின் சின்னப் பொம்மைகள் 18க்கும் மழை விட்ட கையோடு விறாந்தையில் வைத்து வார்னிஷ் ஸ்பிரே அடித்தீர்கள், விடிந்து பார்த்தால் நீலச் சட்டையெல்லாம் திருநீறு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பெயின்ற்றைச் சுரண்டிவிடாதீர்கள். அது அப்படியே கீழே இருக்கிறது.

பளபளப்பில்லாத வார்னிஷ் காயும்போது ஈரக் காற்றுப் பட்டால் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காகிவிடும். அதில் ஒளி சிதறுவதைத்தான் நீங்கள் வெள்ளையாகக் காண்கிறீர்கள். எனவே அந்தப் பொருக்கை நிரப்பினால் போதும். தண்ணீரில் கரையும் பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய தூரிகையால் ஒருவருக்கு மட்டும் முதலில் பூசிப் பாருங்கள். சிவப்புக் கழுத்துப்பட்டியும் பித்தளைப் பொத்தானும் பூசும்போதே தெளிந்து வரும். 28 மி.மீ. உருவம் என்பதால் மடிப்புகளில் வார்னிஷ் தேங்கும்; தூரிகை நுனியால் ஒற்றி எடுங்கள். வீரன் புதுச் செருப்புப்போல் மினுங்குவான், பயப்பட வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு, பளபளப்பில்லாததைத் தூரிகையாலேயே பூசுங்கள். போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படியும் தூள் கலங்காவிட்டால் மறுபடியும் வெண்புள்ளி விழும்.

நானும் ஒரு கார்த்திகை மாதம் ஒரு குதிரைப்படையையே இப்படி வெளுக்க வைத்தவன்தான். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்பிரே ரின்னை நான் தொடுவதே இல்லை. மற்ற மாதங்களில் காய்ந்த முற்பகலில், 20 முதல் 30 செ.மீ. தள்ளி, மெல்லிதாக அடிக்கிறேன்.