தள்ளுபடி இருக்கட்டும், முதலில் கார்டு பாக்கி

கேள்வி: செங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, தினமும் ரயிலில் புனலூர் போய் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. வீட்டில் டிவியில் இணைத்து விளையாடும், டிஸ்க் போட முடியாத பிளேஸ்டேஷன் 5 கேம் சாதனம் இருக்கிறது. ரயிலில் விளையாட நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் சாதனம் வைத்திருக்கிறேன். தள்ளுபடியில் மட்டுமே கேம் வாங்குகிறேன், ஆனாலும் கிரெடிட் கார்டில் 52,000 ரூபாய் நிற்கிறது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். தென்காசியில் இருக்கும் அக்கா மகனும் என் பிளேஸ்டேஷன் கணக்கில்தான் விளையாடுகிறான். வரப்போகும் ஓணம் போனஸ் 20,000 ரூபாயில் பிளேஸ்டேஷனின் ஒரு வருட கேம் சந்தாவும், கேம்களைச் சேமிக்கக் கூடுதல் இடம் தரும் 1 டிபி எஸ்எஸ்டியும் வாங்கலாமா? பிளேஸ்டேஷன், ஸ்விட்ச் இரண்டிலும் கிடைக்கிற கேமை எதற்கு வாங்குவது நல்லது? என் மனைவி மிகவும் கவலைப்படுகிறாள்.

பதில்: எந்த கேம் நன்றாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலில் 23 கேம்கள் இருக்கின்றன. அவற்றில் முடித்தவை 4, இதுவரை திறந்தே பார்க்காதவை 9 என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது, குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவதை ஓர் ஒழுங்காக நீங்கள் எழுதியிருப்பதுதான். உங்கள் வீட்டுக் கவலை முழுவதும் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வருகிறது.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம். 52,000 ரூபாய்க்கு அது 1,820 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறக்குறைய 2,150 ரூபாய். நீங்கள் கட்டுகிற 5 சதவீதம் 2,600 ரூபாய். ஆகவே அசலில் கழிவது வெறும் 450 ரூபாய். அந்த மாதமே 2,000 ரூபாய்க்கு இன்னொரு கேம் வாங்கினால் கடன் ஏறத்தான் செய்யும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முந்தைய பாக்கியை முழுவதும் கட்டாதவருக்கு வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். 4,000 ரூபாய் கேமைப் பாதி விலைக்கு வாங்கி ஒரு வருடம் பாக்கியில் வைத்திருந்தால், வட்டியும் வரியுமாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததில் பாதி வங்கிக்குச் சேருகிறது. அந்த கேமோ திறக்காத ஒன்பதில் ஒன்றாகக் கிடக்கிறது.

அடுத்தது உங்கள் அக்கா மகன். ஸ்டேட்மென்டில் மாதம் 1,500 ரூபாய் அளவுக்குச் சின்னச் சின்னத் தொகைகளாக வருபவை, அவன் கால்பந்து கேமுக்குள் ஆட்டக்காரர்களை வாங்கியவை. சின்னப் பையனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கார்டு எண் உங்கள் கணக்கில் பதிந்திருக்கிறது, அவன் பொத்தானை அழுத்துகிறான். இன்றே அந்தக் கார்டை நீக்கிவிட்டு, வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். அக்காவிடம் சுற்றி வளைக்காமல், கார்டில் கடன் நிற்கிறது, அது தீரும்வரை யாருக்கும் வாங்கித் தர முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிய கேம்களை அவன் விளையாடட்டும். அதனால் உங்களுக்குச் செலவில்லை.

ஓணம் போனஸ் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் கார்டுக்குப் போக வேண்டும். பாக்கி 32,000 ஆகும். அதன்பின் கார்டைத் தொடாமல் மாதம் 7,000 ரூபாய் கட்டினால், ஐந்து மாதத்தில் ஏறக்குறைய முடிந்து, ஆறாவது மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் கட்டிக் கணக்கை முடித்துவிடலாம். மொத்த வட்டி நாலாயிரத்துச் சொச்சத்தோடு நிற்கும். இப்போது இரண்டே மாதத்தில் அவ்வளவு வட்டி கொடுக்கிறீர்கள்.

சந்தாவைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நூற்றுக்கணக்கான கேம்கள் கிடைப்பது உண்மைதான். ஆனால் அவை அவ்வப்போது பட்டியலிலிருந்து எடுக்கப்படும், சந்தா நின்றால் விளையாடவும் முடியாது. ஒன்பது கேம்களைத் திறக்காமல் வைத்திருப்பவருக்கு அது இப்போது தேவையே இல்லை. எஸ்எஸ்டியும் அப்படித்தான். முடித்த கேமை அழித்து இடம் பண்ணிக்கொள்ளுங்கள். மறுபடி வேண்டுமானால் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

கடன் தீர்ந்தபின் இரண்டிலும் கிடைக்கிற கேமை ஒன்றில் மட்டும் வாங்குங்கள். பிளேஸ்டேஷனில் வாங்கியது ஸ்விட்சில் வராது. உங்கள் பட்டியலில் இரண்டு கேம்களுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ரயிலில்தான் விளையாடுவீர்கள் என்றால் ஸ்விட்சுக்கு, அதுவும் கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜாக (ஸ்விட்சில் செருகும் சின்ன கேம் அட்டை) வாங்குவது நல்லது. இறக்கி வாங்கிய கேமை யாருக்கும் விற்க முடியாது. கார்ட்ரிட்ஜை முடித்தபின் விற்றால் ஒரு பகுதி பணமாவது திரும்பும். நின்டெண்டோ தன் இணையக் கடையை இந்தியாவுக்கென்று திறக்காததால், அங்கே கேம் இறக்கி வாங்குவதற்காக இடைத்தரகர்களிடம் வாங்கும் கிஃப்ட் கார்டுக்கு அவர்கள் வைக்கும் கூடுதல் விலையும் இதனால் மிஞ்சும்.

பிளேஸ்டேஷனில் வாங்குவதாக இருந்தால், வாங்கியதும் கேம் தானாக இறங்கும் அமைப்பை முதலில் நிறுத்திவிடுங்கள். இறக்கத் தொடங்காத கேமுக்கு 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இறக்கத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஸ்விட்சுக்கு வாங்குமுன் அந்த கேமுக்கு இணையம் கட்டாயமா என்று பாருங்கள். ஆரியங்காவு மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வருகிற ரயிலில், இணையம் இல்லாமல் ஓடாத கேமை வாங்கி உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.