குழந்தைக்கான பரிசுப் பட்டியலை உறவினர்களுக்கு அனுப்பலாமா, தப்பாக நினைப்பார்களா?

அனுப்பலாம். யாருக்கு, யார் வழியாகப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"ஆன்லைனில் கிஃப்ட் ரெஜிஸ்ட்ரி போட்டு வைத்திருக்கிறேன், குடும்ப குரூப்பில் பகிர்ந்தால் பிச்சை கேட்கிற மாதிரி இருக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 'பிச்சை' என்ற சொல் உங்களுடையதாக இருக்காது, வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள், அதனால்தான் இந்தப் பதில்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது நானும் இப்படி, வேண்டிய பொருள்களை ஆன்லைனில் குறித்து வைத்து, மற்றவர்கள் அதிலிருந்து வாங்கும்படி பட்டியல் போட்டேன். பேராசை இல்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது வந்து குவிந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான். அத்தனையும் பிறந்த குழந்தை அளவுச் சட்டைகள். அவள் பையனோ பிறக்கும்போதே நான்கு கிலோவுக்கு மேல். பாதிச் சட்டை தோளைத் தாண்டவில்லை, மீதி சில வாரங்களில் சின்னதாகிவிட்டது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து டயபர்கூட ஆகும். அதை ஒருவரும் வாங்கி வரவில்லை. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே என் பட்டியலில் டயபர் இரண்டு அளவுகளில், தெர்மாமீட்டர், குளியல் தொட்டி, மூன்று மாதத்துக்கு மேல் போடும் உடுப்புகள். குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியான ஸ்ட்ரோலரை மட்டும் பலர் சேர்ந்து வாங்கும்படி போட்டேன். சின்னத் தொகையில் வாங்கக்கூடியவையே அதிகம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பட்டியலைப் பார்ப்பவர் தன் கைக்கு அடக்கமாக ஒன்று இல்லை என்று நினைத்துவிட்டால் அவரை அவமதித்த மாதிரி ஆகிவிடும். பெயரைத் தேடினால் கிடைக்காதபடி, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தேன். வீட்டு முகவரியும் பிரசவத் தேதியும் ஒரே பக்கத்தில் இருக்கிற இடம் அது, நீங்களும் அதை மறக்காதீர்கள்.

லிங்க்கை என் தங்கையிடம் மட்டும் கொடுத்தேன். "என்ன வாங்கட்டும்?" என்று யாராவது கேட்டால் அவள் அனுப்புவாள், கேட்காதவர்களுக்குப் போகாது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் நாத்தனார் அதை அவளிடம் வாங்கி, "எல்லோரும் ஆளுக்கு ஒன்று வாங்கிடுங்க" என்ற வரியோடு பெரிய குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. லிங்க் போட்டால் கூடவே ஒரு படம் வருமே, அதில் வந்தது ஸ்ட்ரோலர்! பட்டியலிலேயே விலை அதிகமான பொருள். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து கணவரின் பெரியப்பா, "எங்கள் காலத்தில் கொடுத்ததை வாங்கிக்கொள்வோம்" என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அப்புறம் சித்தி ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். சொல்லியே ஆக வேண்டும், இந்தக் குரல் பதிவுகளை யார் கண்டுபிடித்தது? முதல் ஒரு நிமிடம் இருமல், நடுவில் வேறு யாருடனோ பேச்சு, விஷயம் கடைசியில்தான். எழுதினால் இரண்டு வரி. கேட்காமல் விட்டால் "நான் அனுப்பினதைக் கேட்கவே இல்லையா" என்று இன்னொரு குரல் பதிவு. சரி, விடுங்கள்.

நான் குரூப்பில் விளக்கம் எழுதவில்லை. பெரியப்பாவுக்கு நேராக போன் செய்து நலம் விசாரித்தேன், பட்டியல் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவரிடமிருந்து பார்சல் வந்தது. தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சு பம்பர், கூடவே குட்டித் தலையணை. பட்டியலில் இல்லாதது மட்டுமல்ல, வைக்கவே கூடாதது. குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, பம்பர், பொம்மை எதுவும் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அந்த நாட்டில் 2022இல் பஞ்சு வைத்த பம்பர்களைச் சட்டம் போட்டே தடை செய்தார்கள். மனதார நன்றி சொன்னேன். பம்பரைக் கட்டவில்லை என்பதையும், தலையணை அவள் வளர்ந்த பிறகுதான் என்பதையும் சொன்னேன். "என் பிள்ளைகள் எல்லாரும் தலையணையில்தான் தூங்கினார்கள்" என்றார். சரிங்க பெரியப்பா என்றேன். பட்டியல் இருக்கிறது என்பதற்காக வெளியிலிருந்து வருவதைத் திருப்பி அனுப்பவோ, முகத்தைச் சுளிக்கவோ நமக்கு உரிமை கிடையாது.

"கேட்டு வாங்குவதே அநாகரிகம்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: பரிசுப் பட்டியல் இணையத்தோடு பிறந்தது இல்லை. சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடை 1924இலேயே திருமணத்துக்காக இதைத் தொடங்கிவிட்டது. மணமக்கள் விரும்பும் பாத்திர வகையைக் கடையில் குறித்து வைப்பார்கள். ஒருவர் வாங்கியது அடுத்தவருக்குத் தெரியும், ஒரே பொருள் இரண்டு முறை வராது. வாங்குகிறவருக்கும் அது வசதிதானே? பட்டியலைப் பார்த்து வாங்கியே ஆக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

அழைப்பிதழில் லிங்க்கை அச்சடிக்காதீர்கள். வரச்சொல்லும் இடத்தில் வாங்கி வரச்சொல்வது கண்ணை உறுத்தும். நினைவூட்டல் செய்தி வேண்டவே வேண்டாம். காரில் குழந்தையை உட்கார வைக்கும் கார் சீட்டை மட்டும் புதிதாகவே கேளுங்கள். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய சீட்டை நம்ப முடியாது, அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. யார் எதை வாங்கினார்கள் என்பதை மறைத்து வைக்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது. நான் மறைத்து வைத்தேன், இல்லாவிட்டால் யார் இன்னும் வாங்கவில்லை என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பார்சல் வந்த கையோடு பிரித்துப் பார்த்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு சில கடைகளில் வாங்கிய தேதியிலிருந்தே ஓடும். நன்றி சொல்லும்போது அந்தப் பொருளின் பெயரைச் சொல்லி, தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே குரூப்பில் போட்டுவிட்டீர்கள் என்றால் அழிக்காதீர்கள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று தெரிந்தால், அதுவரை கவனிக்காதவர்களும் என்ன என்று கேட்டு வருவார்கள்.