என்ன குடி?

அன்புள்ள ஐயா,

எந்த விண்மீனையும் சுற்றாமல் தனியே திரியும் கோள்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘அநாதைக் கோள்கள்’ என்ற சொல்லை வாசித்துக் காட்டியதும் என் ஒன்பது வயது மகள், “அப்படியென்றால் அதற்கு உம்மா யார்?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சூரியனைப் போல ஒன்றைச் சுற்றினால்தானே கோள்? வெளிச்சம் கொடுக்க ஒன்றும் இல்லாத பொருளை எப்படிக் கண்டார்கள்?

ஒரு வாசகர், அக்கரைப்பற்று

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மகளிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். இருந்த பெற்றோரை இழந்தால்தான் அநாதை. இவற்றில் பலவற்றுக்கு இழக்க ஒரு விண்மீனே இருந்திருக்காது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் பேச உட்கார்ந்தால் “என்ன குடி?” என்று கேட்காமல் எழும்ப மாட்டார்கள். தமிழரானாலும் முஸ்லிமானாலும் குடி தாய்வழியில் வருவது. வானியலாளர்களும் இந்தப் பொருட்களிடம் அதையேதான் கேட்கிறார்கள். இவை வந்திருக்கக்கூடிய வயிறுகள் இரண்டு. ஒன்று, இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவும் தூசும் நிறைந்த தட்டு. அங்கே பிறந்த கோள்கள் ஈர்ப்பால் ஒன்றையொன்று அலைக்கழிக்கும்போது இலேசானது வெளியே வீசப்படும். மற்றது, விண்மீன்களைப் பெறும் அதே வாயு முகில். அதன் சிறு துண்டொன்று தன் பாரத்திலேயே சரிந்து சுருங்கினால், விண்மீனாகப் போதாத ஒரு பிள்ளை தனியாகவே பிறக்கும்.

சா 1107-7626 என்ற பொருளைப் பாருங்கள். எடை வியாழனைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு. தூரம் ஏறத்தாழ 620 ஒளியாண்டு. 2025இல் அது தன்னைச் சுற்றிய தட்டிலிருந்து நொடிக்கு 600 கோடி தொன் வரை விழுங்கியதை அவதானித்தார்கள். இப்படித் திடீரென்று பசி எடுத்து விழுங்குவது பச்சிளம் விண்மீன்களின் குணம். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்த ரே ஜயவர்தன. என்.ஜி.சி. 1333 என்ற இளம் விண்மீன் கொத்தை வெப் விண்வெளித் தொலைநோக்கியால் துழாவிய குழுவிலும் அவர் இருந்தார். அங்கே வியாழனைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு எடையில் ஆறு பொருட்கள் கிடைத்தன. அதற்கும் கீழே பார்க்கக் கருவிக்குக் கண் இருந்தும் ஒன்றும் அகப்படவில்லை. முகில் பெறக்கூடிய கடைக்குட்டி அந்த எடைதானோ என்று எண்ண வைக்கிறது. எனக்கு இந்த ‘ஒன்றும் அகப்படவில்லை’தான் ஆறையும்விடப் பெரிய செய்தி.

கோளா என்ற கேள்வியிலும் நீங்கள் சொன்னதே சரி. ஐதரசனின் பாரமான வகையான டியூட்டீரியத்தை அணுக்கருச் சேர்க்கையால் எரிக்க வியாழனைப் போல 13 மடங்கு எடையாவது வேண்டும். அதற்குக் குறைந்து இளம் கொத்துகளில் தனித்துத் திரிபவை கோள்கள் அல்ல என்று சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பணிக்குழு 2003இலேயே வரையறுத்தது. ‘கோள் எடைப் பொருள்’ என்ற வறண்ட பெயர் அதனால்தான் புழங்குகிறது. எடையைச் சொல்லும்; குடியைப் பற்றி வாய் திறக்காது.

வெளிச்சத்துக்கு வருவோம். செங்கல் சூளையில் நெருப்பு அவிந்த பிறகும் பக்கத்தில் நின்றால் முகத்தில் சூடு அடிக்கும் அல்லவா? சுருங்கிப் பிறந்த சூடு இவற்றிடமும் இருக்கிறது. அதை அகச்சிவப்புக் கருவிகள் பிடிக்கின்றன. சில மில்லியன் ஆண்டு வயதுதான் என்பதால் இன்னும் சூடு ஆறவில்லை. வயதேற ஏற மங்கிவிடும். இளம் கொத்துகளில் போய்த் தேடுவது அதற்காகத்தான்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் மகளை இரவு ஏழரை மணிபோல வெளியே கூட்டிவந்து கிழக்கே காட்டுங்கள். ஓரையன் என்ற வேட்டைக்கார விண்மீன் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்று விண்மீன்களில் கீழே இருப்பதற்குச் சற்று வலப்புறம் மங்கலாக ஒன்று தெரியும். சிக்மா ஓரையோனிஸ். அதைச் சூழ்ந்த கொத்தில்தான் 2000ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட பொருட்களைக் கண்டதாக அறிவித்தார்கள். உம்மா யார் என்று அவள் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.