7 மாதம் கழித்து என்ன தேதி? கேள்வி பதில்

பில், சந்தா, ஒப்பந்தம் இவற்றுக்கெல்லாம் தேதி போடும் மென்பொருள் எழுதுவதுதான் என் வேலை. மாதம் கூட்டித் தேதி கண்டுபிடிப்பதில் என்ன குழப்பம் இருந்தாலும் கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: காலண்டர் இல்லாமல், 18 மாதம் கழித்து எந்த மாதம் என்று மனக்கணக்காகச் சொல்ல முடியுமா? விரல் விட்டு எண்ணினால் எப்போதும் ஒன்று இடிக்கிறது.

பதில்: விரலில் இடிப்பதற்குக் காரணம், தொடங்கும் மாதத்தையே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுவது. அடுத்த மாதம்தான் ஒன்று. விரலை விட்டுவிட்டு எண்ணைக் கூட்டிப் பாருங்கள். 2025 நவம்பர் என்றால் 11, அதோடு 18 கூட்டினால் 29. 12ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 5. ஆக இரண்டு வருஷம் தள்ளி ஐந்தாம் மாதம், 2027 மே. ஒரே ஒரு பொறி, மீதி பூஜ்யம் வருவது. 2025 ஆகஸ்டிலிருந்து 16 மாதம்: 8+16=24, ஈவு 2, மீதி 0. இதை 2027 என்று எழுதிவிடுவார்கள், ஆனால் பூஜ்யம் என்பது முந்தைய வருஷத்து டிசம்பர், அதாவது 2026 டிசம்பர். இன்னும் சுருக்கம் வேண்டுமென்றால், 11 மாதம் என்பது ஒரு வருஷம் கூட்டி ஒரு மாதம் பின்னால் வருவது, 9 மாதம் என்றால் மூன்று மாதம் பின்னால்.

கேள்வி: 3 மாதம் என்றால் 90 நாள்தானே?

பதில்: இல்லை. பிப்ரவரி 1லிருந்து மே 1 வரை 89 நாள் (லீப் வருஷம் என்றால் 90), ஜூலை 1லிருந்து அக்டோபர் 1 வரை 92. தாளில் ‘90 நாள்’ என்று இருந்தால் நாளை எண்ணுங்கள், ‘3 மாதம்’ என்று இருந்தால் மாதத்தை எண்ணுங்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

கேள்வி: ஜனவரி 31லிருந்து ஒரு மாதம் கழித்து என்ன தேதி? இரண்டு மென்பொருள் இரண்டு விடை தருகிறது.

பதில்: பிப்ரவரி 31 கிடையாது, அதனால் யாராவது ஒருவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எக்செல்லில் மாதம் கூட்டும் இடேட் சூத்திரம், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளங்கள், ஜாவா என்ற நிரல்மொழி இவையெல்லாம் அந்த மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிடும், பிப்ரவரி 28 அல்லது 29. ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி என்ற நிரல்மொழிகள் மீதி நாளை அடுத்த மாதத்தில் கொட்டிவிடும், மார்ச் 3 (லீப் வருஷத்தில் மார்ச் 2). பிப்ரவரியில் போக வேண்டிய பில் மார்ச்சில் போவது இப்படித்தான்.

ஆனால் இதைவிடப் பெரிய தொல்லை வேறு. கடைசி நாளில் நிற்பதையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் போன மாத விடையோடு ஒன்று கூட்டிக்கொண்டே போனால் ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28 என்று போகும். 31 ஒரு தடவை தொலைந்தால் திரும்பி வரவே வராது. முதல் தேதியை வைத்துக்கொண்டு அதோடு 1, 2, 3 என்று கூட்டினால் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும். எப்போதும் முதல் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

கேள்வி: அப்படியானால் பிப்ரவரி 28ல் தொடங்கினால்? மாதக் கடைசியில் தொடங்கியது மாதக் கடைசியில்தானே முடிய வேண்டும், மார்ச் 31 என்பதுதான் நியாயம்.

பதில்: ஆரக்கிள் என்ற தரவுத்தளம் உங்கள் கட்சி. அதில் மாதம் கூட்டும் ஆட் மந்த்ஸ் கட்டளை, கடைசி நாளைக் கொடுத்தால் கடைசி நாளையே திருப்பித் தரும். மற்றவை பெரும்பாலும் மார்ச் 28 என்றுதான் சொல்லும். பிரிட்டனில் இது பிரபுக்கள் சபை (அன்றைய உச்ச நீதிமன்றம்) வரை போயிருக்கிறது. டாட்ஸ் எதிர் வாக்கர் வழக்கு, 1981. செப்டம்பர் 30ல் கொடுத்த நோட்டீஸுக்கு நாலு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்காரர் ஜனவரி 31ல் விண்ணப்பித்தார், நீங்கள் சொல்லும் அதே நியாயத்தோடு. கெடு ஜனவரி 30லேயே முடிந்தது என்று தீர்ப்பு. ஒரே ஒரு நாள்.

கேள்வி (அவரே): அது அங்கே சட்டம். சம்பளம் மாதக் கடைசியில் போடுகிறோம், 28ல் போட்டால் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

கேள்வி (இன்னொருவர்): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், 28 என்று எழுதியிருந்தால் 28தான். நீங்களாகக் ‘கடைசி’ என்று படிப்பது உங்கள் வசதி.

பதில்: இரண்டு பேரும் சரி, பேசுவது இரண்டு வேறு விஷயம். ஏப்ரல் 30 என்று எழுதியிருக்கிறது. அது ‘30ம் தேதி’யா, ‘மாதக் கடைசி’யா? தேதியை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சம்பளம் மாதக் கடைசி என்றால் எண்ணைச் சேமிக்காதீர்கள், ‘மாதக் கடைசி’ என்ற விதியைச் சேமியுங்கள், எக்செல்லில் அதற்கென்றே இஓமந்த் என்ற சூத்திரம் இருக்கிறது. ஒப்பந்தமென்றால் எது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: 15ம் தேதி சேர்ந்த சந்தா, ஒரு மாதம் என்றால் 14ல் முடியுமா 15லா?

பதில்: சேர்ந்த நாளும் பயன்பாட்டில் சேர்த்தி என்றால் கடைசி நாள் 14, அடுத்த கட்டணம் 15. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

கேள்வி: 6 மாதம் என்றால் 180 நாள்தானே?

பதில்: 90க்குச் சொன்ன அதே பதில். 181லிருந்து 184 வரை வரும், 180 வரவே வராது.

கேள்வி: பிரசவத் தேதிக்கு 9 மாதமும் 7 நாளும் கூட்டச் சொல்கிறார்களே?

பதில்: கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பதற்கான குறுக்குவழி அது. எந்த மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 280லிருந்து 283 நாள் வரை வரும். அதற்கு மேல் டாக்டரிடம் கேளுங்கள், இது என் துறை இல்லை.

கேள்வி: மாதம் கூட்டினால் கிழமையும் தெரியுமா?

பதில்: தெரியும், எனக்குப் பிடித்த கேள்வி. 31 நாள் மாதத்தைக் கடந்தால் கிழமை 3 நகரும், 30க்கு 2, 28க்கு பூஜ்யம், 29க்கு 1. 2026 ஜூன் 10 புதன். செப்டம்பர் 10க்குப் போக ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கடக்கிறோம்: 2+3+3=8. ஏழைக் கழித்தால் 1, அதனால் வியாழன்.

கேள்வி: ஒரு மாதத்துக்குச் சராசரி நாள் எவ்வளவு? அதால் பெருக்கிவிட்டால் வேலை முடிந்ததே.

பதில்: 400 வருஷத்தில் 1,46,097 நாள், 4,800 மாதம், சராசரி 30.436875. புள்ளிவிவரத்துக்கு நல்லது. தேதிக்கு வேண்டாம்.

கேள்வி: ஒரு வருஷம் 12 மாதம், 4 வாரம் ஒரு மாதம், அப்படியானால்...

பதில்: 4 வாரம் 28 நாள். அது பிப்ரவரி, அதுவும் சாதா வருஷத்தில். அடுத்தவர்.

கேள்வி: 2028 பிப்ரவரி 29லிருந்து 12 மாதம்?

பதில்: 2029 பிப்ரவரி 28 என்றுதான் பெரும்பாலான கருவிகள் சொல்லும். 48 மாதம் கூட்டினால் 2032 பிப்ரவரி 29 சரியாகக் கிடைக்கும், நடுவில் கிடைத்த 28ஐப் பிடித்துக்கொண்டு எண்ணாமல் இருந்தால்.

கேள்வி: மார்ச் 31லிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. முதல் தவணை செப்டம்பர் 30. அடுத்தது மார்ச் 30தானே?

பதில்: மேலே எத்தனை தடவை சொன்னேன்! செப்டம்பர் 30ஐ விடுங்கள், மார்ச் 31லிருந்து 12 மாதம் எண்ணுங்கள். மார்ச் 31.